கோடை டயரும் நன்றிப் பூசையும்

அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லித் தொடங்கவேண்டும் என்று பார்க்கிறேன். பூசைக்கு ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. நல்ல குரல், அவர் பல்லவியைத் தூக்கினால் கடைசி வரிசை வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். குடி இல்லை, சிகரெட் இல்லை. ஒருவரோடும் சத்தம் போட்டுக் கதைத்தும் நான் கேட்டதில்லை. இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் எழுதி முடித்த பிறகும் அவரை நினைக்கும்போது எனக்கு வாய்க்குள் கைக்கிறது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறின மனோர் பார்க்கில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒட்டினபடி இருந்தன. ஒரே அச்சில் வார்த்த மாதிரியான வரிசை வீடுகள். பின்னேரத்தில் அவர் செபமாலை சொல்வது எங்கள் குசினிக்குள் கேட்கும். ஃபாரஸ்ட் கேட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு கணக்காளர் அலுவலகம் இருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். போவது ஒரே கோயில், பாடுவது ஒரே பாடகர் குழு. இத்தனைக்குப் பிறகும் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

முதல்முறை உறைத்தது எங்கள் வீட்டில் களவு போன அன்று. நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பின்கதவை உடைத்து வந்து மனைவியின் தாலிக்கொடியிலிருந்து என் பழைய மடிக்கணினி வரைக்கும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி படிக்கட்டில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்தார். உடைந்த கண்ணாடியில் சப்பாத்து படாமல் கவனமாகக் கால் வைத்து வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"பாத்தீரோ தம்பி, நடுவில இந்த ஒரு சுவர்தான். என்ர பக்கம் ஒரு ஆணியைக்கூடத் தொடேல்லை. மாதா வாசல்ல நிக்கிறா எண்டு நான் சொல்லுறது சும்மா இல்லை."

ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார், வசனம் மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். அவருக்கு வசனம் ஒருநாளும் மாறி வருவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவரோடு ஊரில் ஒன்றாகப் படித்த ஒருவர் மாரடைப்பில் போனார். செத்த வீட்டில், பெட்டி திறந்திருக்க, தலைமாட்டில் பெண்சாதி நிற்க, இவர் குனிந்து முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அதே வயசு. அதே வகுப்பு. போன மாசம் எனக்கு ஈசிஜி எடுத்தவை. கிளீன்." கிளீன் என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பணிவு. அதுதான் என்னை உலுக்கியது. பெருமையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

கொரோனா காலத்தில் எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் போய்விட்டார். கோயில் திறந்த பிறகு அவருடைய மனைவி முதல்முறை பூசைக்கு வந்தா. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. இவர் அவவிடம் போய், "எங்கட வீட்டுப் படலையை அது தாண்டேல்லை அக்கா, நாங்கள் ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னனாங்கள்" என்றார். அந்த வீட்டிலும் செபமாலை சொல்லித்தான் இருப்பார்கள். அந்த அம்மா தலையை ஆட்டினா. அடுத்த கிழமையிலிருந்து வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினா.

மற்றவனுக்கு ஒன்று நடந்தால் அது தனக்கு நடக்கவில்லை என்பதுதான் அவருக்குச் செய்தி. தனக்கே ஒன்று நடக்கப் பார்த்தால், அது நடக்காமல் விட்டதுதான் செய்தி. உலகத்தில் விழுகிற கல்லெல்லாம் தன்னைத் தவறவிடுவதற்காகவே விழுகிறது என்று மனதார நம்பினார். "எனக்கு ஒண்டும் நடக்காது" என்பதை அவர் வீம்பாகச் சொன்னதில்லை. ஏதோ நாளைக்கு மழையாம் என்பதுபோலச் சொல்வார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது.

இரண்டே சீட். ஆரஞ்சும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், நன்றாகப் பழுத்த செம்மிளகாயின் நிறம். எங்கள் தெருவில் அதை நிறுத்தியபோது பக்கத்துக் கார்கள் எல்லாம் வேலைக்கு வந்த ஆட்கள் போலத் தெரிந்தன. வாங்கிய கிழமையே கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்து சுவாமியாரை மந்திரிக்கச் சொன்னார். சுவாமியார் இளம் ஆள், யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். எஞ்சின் மூடியில் தீர்த்தம் தெளித்தார், கதவில் தெளித்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "சுவாமி, டயருக்கும் கொஞ்சம்" என்றார். சுவாமியார் அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றிவந்து நாலு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து தெளித்தார். சிலர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

அந்த டயர்களைப் பற்றிக் கதைத்ததுபோல அவர் தன் பிள்ளைகளைப் பற்றிக்கூடக் கதைத்ததில்லை. அகலமானவை, தட்டையானவை, வேகத்துக்கென்றே செய்தவை. வெயில் நாளில் தார் றோட்டைப் பல்லி சுவரைப் பிடிக்கிறமாதிரிப் பிடிக்கும் என்பார். பிடித்ததும் உண்மை. ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு போனபோது வளைவில் என் குடல் ஒரு பக்கம் போனது, கார் போகவில்லை.

ஆனால் அவை கோடைகால டயர்கள். குளிரில் அந்த ரப்பர் இறுகிவிடும், பிடிமானம் போய்விடும். இது இரகசியமான விசயம் ஒன்றும் இல்லை. கார் விற்றவர்களே சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியவந்ததே அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா சொல்லித்தான். நவம்பரில் ஒரு பின்னேரம் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, நீராவது சொல்லும். குளிருக்கு வேற டயர் மாத்தோணும் எண்டு கார் வித்தவங்களே சொன்னவங்கள். இல்லையெண்டால் கோடை வருமட்டும் எடுக்காதையுங்கோ எண்டவங்கள். இவர் கேக்கிறாரில்லை."

அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்தபடி சொன்னார்: "அந்த வின்டர் டயரை இந்த ரிம்மில போட்டால் வடிவா இராது. மெல்லிசாத் தெரியும்."

"அப்ப மற்றக் காரில போங்கோவன். வீட்டில நிக்குதுதானே."

"ஜெசி, மந்திரிச்ச கார். எனக்கு ஒண்டும் நடக்காது."

அக்கா எழும்பிக் குசினிக்குள் போனா. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே அவ்வளவு கோப்பை இருக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அவர்கள் இருவரும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு வட்டச்சந்தியில் கார் வழுக்கியது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்தபடி நின்றது. பின்னால் வாகனம் வரவில்லை. ஒன்றிலும் முட்டவில்லை. ஜெசிந்தா அக்கா இறங்கி நடந்து, அடுத்த தரிப்பில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தா. காஞ்சிபுரமும் கொண்டைப் பூவுமாக அவ தனியே பஸ்ஸால் இறங்கி வந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அவர் வாசக மேடைக்குப் போய்ச் சாட்சியம் சொன்னார். கார் தட்டாமாலை சுற்றியபோது தான் கண்ணை மூடி "மாதாவே" என்று கூப்பிட்டதாகவும், ஒரு கை வந்து காரைப் பிடித்து நிறுத்தியது போல இருந்ததாகவும் சொன்னார். "பெயின்ட்கூட உரசேல்லை. இது மாதாவின்ர அற்புதம், புதுமை இல்லாமல் வேறென்ன?" சனம் கைதட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டியதாக ஒரு மனிதர் சொல்கிறார், நாங்கள் கைதட்டுகிறோம். ஜெசிந்தா அக்கா பெண்கள் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தா. அது மூடியிருந்தது.

வேறு எவராக இருந்தாலும் அந்தச் சுற்று எச்சரிக்கையாகப் போயிருக்கும். அடுத்த நாளே டயர் மாற்றியிருப்பார்கள். இவருக்கு எச்சரிக்கை என்று ஒரு சாமானே கிடையாது. அவரிடம் வந்து சேர்ந்த எச்சரிக்கை எல்லாம் சாட்சியமாக மாறியது.

சனவரியில் ஒரு ஞாயிறு. இரவு முழுக்க உறைந்திருந்தது. காலையில் தெருவின் ஒரு பக்கம் ஈரம், வெயில் படாத மறுபக்கம் உப்பைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளை. எங்கள் காரின் பற்றரி செத்துக் கிடந்தது. பூசைக்கு முன்னம் பாட்டுப் பழக வேண்டும். அவர் வாசலில் நின்று, "ஏறும் தம்பி, அஞ்சு நிமிசம்தானே" என்றார்.

"றோட்டு வெள்ளையா இருக்கு அண்ணை. நடந்து போனால் என்ன?"

"இந்தக் குளிரில தொண்டை கட்டிப்போடும். ஏறும்."

ஏறினேன். சீட் சூடாக இருந்தது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆடியது. மெல்லப் போங்கோ அண்ணை என்று தெருமுனையில் ஒருமுறை சொன்னேன். பூங்காவை ஒட்டிய தெருவில் திரும்பியதும் இன்னொருமுறை சொன்னேன். அந்தத் தெருவில் ஒரு பக்கம் முழுக்க மரமும் மதிலும். மத்தியானம் வரைக்கும் நிழல் விலகாது.

"இந்தச் சத்தத்தைக் கேளும்" என்றுவிட்டுக் காலை அழுத்தினார்.

சத்தம் கேட்டது. பிறகு காரின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. அவர் ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் திருப்பினார். அதற்கும் சக்கரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. நடைபாதை விளிம்பில் ஏறும்போது எழும்பிய அடி என் பல்லுக்குள் கேட்டது. ஒரு சாம்பல் நிறக் குளிர்கோட்டும், கடைச்சாமான் வைத்துக் கையால் இழுக்கும் ஒரு சிறு வண்டியும் கண்ணாடிக்கு முன்னால் வந்து மறைந்தன. மதிலில் முட்டி நின்றோம்.

அடிபட்டது பிலோமினா அக்கா. மன்னார் ஆள். புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டு தனியே இருந்தவ. எங்கள் கோயிலில் பீடத்துணி தோய்த்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக் கொண்டுவருவது அவதான். அன்றைக்கும் அந்தத் துணிகளைத்தான் வண்டிக்குள் வைத்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறா. நான் இறங்கி ஓடினபோது நடைபாதையில் ஒருக்களித்துக் கிடந்தா. ஒரு கால் இருக்கவேண்டிய பக்கத்தில் இருக்கவில்லை. நினைவு இருந்தது. "ஆர், தம்பியே?" என்றா. "அசையாதையுங்கோ அக்கா" என்று என் கோட்டைக் கழற்றிப் போர்த்தேன். அம்புலன்ஸுக்கு அடித்தேன்.

அப்போதுதான் அவர் இறங்கினார். காரின் முன்பக்கம் போனார். குளிர்ந்த தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். ஒரு கணம் செபிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் சக்கரத்தின் ரிம்மை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பி வந்து என் காதோடு சொன்னார்: "பாத்தீரோ தம்பி, எயர்பாக்கூட விரியேல்லை. உமக்கோ எனக்கோ ஒரு கீறல் இல்லை."

"அண்ணை, அக்கா கிடக்கிறா."

"ஓம், ஓம், பாவம்" என்றார். "எனக்கு ஷொக் போல கிடக்கு." திரும்பிப் போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் போட்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்து அவர் முகம் மறைந்துபோனது. நான் கோட் இல்லாமல் வெறும் சேட்டோடு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எதிர்வீட்டு வங்காளிப் பெண் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து பாதியை அவவுக்கும் பாதியை எனக்குமாகப் போட்டா. அவருடைய கோட், நல்ல தடித்த கம்பளிக் கோட், சீட்டின் பின்னால் தொங்கியது பக்கக் கண்ணாடியால் கடைசிவரை எனக்குத் தெரிந்தது.

அம்புலன்ஸ் வந்து அக்காவைத் தூக்கும்போதும் அவர் இறங்கவில்லை. பொலிஸ் பெண் ஒருத்தி கண்ணாடியில் தட்டியபோதுதான் இறங்கினார். ஊதச் சொன்னார்கள், ஊதினார். பிறகு அதையும் என்னிடம் சொன்னார்: "ஸீரோ."

அந்தப் பெண் என்னையும் கேட்டா. நடந்ததைச் சொன்னேன். றோட்டு வெள்ளையாக இருந்ததை, மெல்லப் போகச் சொன்னதை, அவர் காலை அழுத்தியதை, டயரைப் பற்றி அவர் வீட்டிலேயே கதை நடந்ததை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அக்காவுக்கு இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் முறிந்திருந்தன. ஒப்பரேசன் முடிந்து அவவைப் பார்க்க நான் போயிருந்த ஒரு நாள் அவரும் வந்தார். முந்திரிகைப்பழக் குலையும் ஒரு மாதா படமும் கொண்டுவந்திருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, நல்ல குரலில் சொன்னார்:

"அக்கா, அண்டைக்கு மாதா எங்களைக் காப்பாத்தினவ."

பிலோமினா அக்கா அவரைப் பார்த்தா. "உம்மை எதிலயிருந்து தம்பி காப்பாத்தினவ?"

"சாவிலயிருந்து, அக்கா."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா. களைப்பாக்கும் என்று அவர் என்னிடம் சொன்னார். போகும்போது படத்தைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து நிறுத்திவிட்டுப் போனார். நேர்ஸ் வந்து போத்தலை எடுத்தபோது அது குப்புற விழுந்தது. நான் நிமிர்த்திவைக்கவில்லை.

அவருக்கு அபராதமும் லைசென்ஸில் தண்டனைப் புள்ளிகளும் கிடைத்தன. லைசென்ஸ் பறிபோகவில்லை. அதுவும் புதுமைதான். நான் பொலிசுக்குச் சொன்னது அவர் காதுக்கு எட்டியதும் ஊருக்கே எட்டிவிட்டது. "எங்கட ஆளைக் காட்டிக் குடுத்திட்டார்" என்று கோயில் முற்றத்தில் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அன்று பாட்டுப் பழகும்போது அவர் குழுவுக்கு முன்னால் என் தோளில் கைபோட்டார்.

"ஒருத்தரும் இவரை ஒண்டும் சொல்லக்கூடாது. நான் இவரை மன்னிச்சிட்டன்."

அந்தக் கை என் தோளில் கிடந்த பாரமும் சூடும் இன்றும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அந்தச் சேட்டைக் கழற்றித் தோய்க்கப் போட்டேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சில கிழமைகளில் நன்றிப் பூசை வைத்தார். பூசைக்குப் பிறகு கோயில் பங்கு மண்டபத்தில் சாப்பாடு. நான் போவதாக இருக்கவில்லை. முதல்நாள் பிலோமினா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டா.

"என்னை ஏத்த மினிகாப் டக்சி அனுப்புறாராம். நீரும் வாரும் தம்பி. அந்த நாற்காலியைத் தள்ள ஒராள் வேணும்."

"நீங்கள் ஏனக்கா போறீங்கள்?"

"வரச்சொல்லிக் கேட்டவர். ஏதோ சொல்லத்தான் கேக்கிறாராக்கும்."

அவ குரலில் எதிர்பார்ப்பு இருந்தது. வாறன் அக்கா என்றேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்டிறைச்சிப் புரியாணி மணம். சுவரில் அந்தக் காரின் பெரிய படம் ஒன்று, திருத்திப் பெயின்ட் அடித்த பிறகு எடுத்தது. பக்கத்தில் மாதா படம். இரண்டுக்கும் ஒரே அளவு மாலை. அக்காவைச் சக்கர நாற்காலியோடு முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். அக்கா நல்ல சேலை உடுத்தி, தலையை வாரி இழுத்திருந்தா. கையில் ஒரு கைக்குட்டை.

அவர் மைக்கை எடுத்தார். வட்டச்சந்தியில் தொடங்கினார். கை, மாதா, பெயின்ட். பிறகு சனவரிக் காலை. "றோட்டில பனி. கார் என்ர கையை விட்டுப் போச்சு." டயர் என்ற சொல்லே வரவில்லை. "மதில்ல அடிச்சு நிண்டுது. அந்த இடத்திலயே நான் முடிஞ்சிருக்க வேணும். இண்டைக்கு உங்களுக்கு முன்னால நிக்கிறன்." கைதட்டல். "நான் மட்டுமில்லை. இந்தா, எங்கட பிலோமினா அக்கா! இனி எழும்பமாட்டா எண்டு டொக்டர்மார் சொன்னவை." எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. "இப்ப வோக்கிங் ஃபிரேமைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறா! அக்கா, எழும்பி ரெண்டடி நடந்து காட்டுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. சுவாமியார் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் திருப்பப் போனேன். அக்கா என் கையைத் தட்டிப் பொறு என்றா. மைக்குக்குக் கையை நீட்டினா. அவர் சந்தோசமாகக் குனிந்து அவவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"தம்பி, ஒரு சொல்லைக் கேக்கத்தான் நான் வந்தனான். அதைச் சொல்லும். நான் எழும்பி நடக்கிறன்."

அவர் அவவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்துகொண்டு மழுப்புகிறாரா என்று தேடினேன். அப்படி இருந்திருந்தால் அவரை ஒரு சாதாரணக் கள்ளன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. தேடினார், பிறகு கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஆண்டவருக்கு நன்றி!"

சனம் கைதட்டியது. பின்னால் யாரோ அல்லேலூயா என்றார்கள். அவர் அக்காவைப் பார்த்து, சரியான விடை சொன்ன பிள்ளை மாதிரி நின்றார்.

பிலோமினா அக்கா எழும்பவில்லை. கைக்குட்டையை மடித்தா. "தள்ளும் தம்பி, போவம்" என்றா. வரிசைகளுக்கு நடுவால் நான் தள்ளிக்கொண்டு வந்தேன். காலை இழுத்து வழிவிட்டார்கள். ஒருத்தி, "அக்காவுக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு போல" என்றா. வாசலை அடையும்போது பின்னால், சாப்பாடு ஆறுது, எல்லாரும் வாங்கோ என்று அவருடைய நல்ல குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

வெளியே மினிகாப்புக்குக் காத்து நின்றோம். ஜெசிந்தா அக்கா ஒரு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. மூச்சு வாங்கியது. பிலோமினா அக்காவின் மடியில் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடி குந்தினா.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"நீர் ஏன் பிள்ளை சொல்லுறீர்?"

"அவர் சொல்லமாட்டார் அக்கா. அவருக்கு அது வராது. இருபத்தேழு வருசமாப் பாக்கிறன்."

பிலோமினா அக்கா அவவின் தலையில் கைவைத்தா. "அது உம்மட சொல் இல்லைப் பிள்ளை. நீர் ஏன் காவிச் சுமக்கிறீர்? உள்ள போம், குளிருது."

ஜெசிந்தா அக்கா உடனே போகவில்லை. எழும்பி, மண்டபத்துக் கதவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு உள்ளே போனா. அவ இன்றும் அவரோடுதான். நோர்பரிப் பக்கம் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு பாடகர் குழு இருக்கிறது, அவர்தான் தலைமை என்று கேள்வி. போன வருடம் ஒரு கலியாண மண்டபத்தில் என்னைக் கண்டு தூரத்திலிருந்தே கையை விரித்துக்கொண்டு வந்தார். கழிப்பறைக்குப் போகிறவன் போலத் திரும்பி நடந்து, சமையல்கட்டு வழியாக வெளியேறினேன். அந்த முகத்தில் எனக்காக வைத்திருந்த மன்னிப்பை இன்னொருமுறை வாங்க என்னால் ஏலாது.

அன்று மினிகாப்புக்குள் ஏறியதும் பிலோமினா அக்கா பெட்டியைத் திறந்தா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, இறைச்சி நல்லா வெந்திருக்கு என்றா. பிறகு பெட்டியை என் பக்கம் நீட்டினா. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அவர் சமைச்சதில்லைத் தம்பி. அந்தப் பிள்ளை விடிய எழும்பிச் சமைச்சது. சாப்பிடும்."

கையால் ஒரு வாய் அள்ளி எடுத்துச் சாப்பிட்டேன். வீடு போய்ச் சேரும்வரை இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டுப் பெட்டியைக் காலியாக்கினோம்.